வராதவனுக்குக் காலம் இல்லை

வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குள் மட்டும்
கத்திரி வெயில்.
உலர்ந்தவை இந்தப் பக்கம்,
உலராதவை அந்தப் பக்கம்,
கறை போகாதவை நீலத் தொட்டியில்.
மூன்று மணி இடைவேளைக்கு
மரிவிக் டப்பாவைத் திறப்பாள்.
நான் துண்டுக் கணக்குத் தாளைப்
பின்பக்கம் திருப்புவேன்.

காயின் என்றால் தின்.
முன்னால் ஒரு பக் சேர்த்தால் பக்காயின்.
நடுவில் அழுத்தினால் தின்னுதல்,
கடைசியில் அழுத்தினால் தின்கிற பண்டம்.
எங்களிடமும் உண்டு என்றேன்:
சுடு நீண்டால் சூடு,
படு நீண்டால் பாடு.
பாடு என்றால்?
சுற்றிலும் பார்த்தேன்.
பன்னிரண்டு டிரம்கள் சுழன்றுகொண்டிருந்தன.
இதுதான் என்றேன்.

அவள் மொழியில் ஹிந்தி என்றால் இல்லை.
முதல் நாள் நான் ஏன் அப்படிச் சிரித்தேன் என்று விளக்க
ஓர் இடைவேளை முழுதும் போனது.

வினைக்கு முன்னால்
ஆங் என்று ஒரு சிறுசொல்லை நிறுத்தினால் போதும்,
வினை எழுந்து ஆளாகிவிடும்.
ஆங் உமாலிஸ், போனவள்.
ஆங் இனிவன், விடப்பட்டவன்.
இரண்டையும் எழுதிவிட்டுப்
பேனாவை மூடாமல் வைத்திருந்தாள்.
முதலாவது அவள்.
இரண்டாவது பதாங்காஸில், அக்கா வீட்டில்.
அவள் கிளம்பிய அன்று ஐந்து வயது.
இப்போது பதினாறு. ஜோமர்.

விசா மூன்றாம் முறை தள்ளிப்போன வாரம்
வராதவன் என்பதைத் தமிழில் கேட்டாள்.
எழுதிக் காட்டினேன்.
இதில் காலம் எங்கே?
கிடையாது.
வந்தவனுக்கு உண்டு, வருகிறவனுக்கு உண்டு,
எதிர்மறைக்கு இல்லை.
நேற்று வராதவனும் நாளை வராதவனும்
ஒரே சொல்.
தாளை என் பக்கம் தள்ளினாள்.
உங்கள் இலக்கணம் எனக்கு வேண்டாம்.

பிறகு அவளே இழுத்து எழுதினாள்:
தாத்திங், வருகை.
இனி வரப்போகிறவனுக்கு
முதல் அசையை இரட்டிக்க வேண்டும்.
நடுவிலுள்ள ட குழைந்து ர ஆகும்.
டாராட்டிங்.
முதலில் தா என்று எழுதியதை அடித்துவிட்டு
டா என்று திருத்தினேன்;
எங்கள் எழுத்தில் அந்த ஒலி
எதிலும் சரியாக உட்காரவில்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை.
அவளுக்குக் கார் இல்லை, என்னுடையது ஓடியது.
விமான நிலையத்துத் தானியங்கிப் படியில்
பெயர்களாக இறங்கினார்கள்:
கோட்டுப் போட்டவர், போடாதவர்,
பூங்கொத்தைத் தேடுகிறவர்,
யாரும் அழைக்க வராதவர்.
கடைசியில் ஒருவன்.
அரும்பு மீசை, மெல்லிய சட்டை,
அவளைவிட ஒரு சாண் உயரம்.

ஒரு மாதமாக ஒத்திகை பார்த்த வாக்கியம் அவளிடம் இருந்தது.
போனதற்கு, விட்டதற்கு, அந்தப் பதினோரு வருடத்துக்கு
பெயர்ச்சொற்களாகவே அடுக்கி வைத்திருந்தாள்.
ஒன்றும் வெளியே வரவில்லை.
குமாயின் க ந பா?
சாப்பிட்டாயா?
அவன் காலணியைப் பார்த்தபடி சொன்னான்:
ஹிந்தி பா.
இன்னும் இல்லை.

தமிழில் எழுதினால்
கேள்வியும் பதிலும் ஒரே எழுத்தில் முடிகின்றன.
அவள் காதில் அவை இரண்டு.

பின்னிருக்கையில் டப்பா திறக்கும் சத்தம்.
பூண்டுச் சோற்று வாசனை.
பக்காயின், என்றாள்.
எங்கே அழுத்தினாள் என்று
ஹீட்டர் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை.