இந்திராநகரில் இறங்கினேன்

பழைய நீச்சலுடையின் எலாஸ்டிக்
இழுத்ததும் கையோடு வந்தது, வெந்த சேமியாபோல.
கண்ணாடியின் ரப்பர் பட்டை
அலமாரிப் பலகையில் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தது.
இருபது மாதம்.
புதிதாக வாங்கியது ஒரு சைஸ் பெரிது.

வாசலில் ஒரு மேசை, ஒரு பதிவேடு,
நெற்றிக்குத் துப்பாக்கி, விரலுக்குக் கவ்வி.
தொண்ணூற்றேழு என்றது கவ்வி.
பரீட்சை முடிவுபோல் இரண்டு முறை பார்த்தேன்.
பதிவேட்டில் சில பெயர்களைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள்.
ஊர் மாறிப் போனவர்களா, பணம் கட்டாதவர்களா,
நான் கேட்கவில்லை.
கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைத் துடைத்தேன்.
போடும் முன்பும் துடைத்திருந்தேன்.

முகக்கவசத்தை மடித்து ஜிப் பையில் போட்டு
காற்றில் பறக்காதிருக்க மேலே செருப்பை வைத்தேன்.
பிறகுதான், ஐயோ, செருப்பையா வைத்தேன் என்று
மறுபடி எடுத்து, மறுபடி துடைத்து.
இப்படித்தான் ஓடுகிறது இப்போது என் மூளை.

சோப்புப் போட்டுக் குளித்து
நவம்பர்க் குளிரில் டைல்ஸ்மேல் கால் வைத்ததும் வந்தது
குளோரின் வாசம்.
கடுகு தாளித்தால் தெரியாமல்
பால் தீய்ந்தால் தெரியாமல்
மே மாதம் முழுக்க வெறும் மூக்கோடு இருந்தவள் நான்.
அந்தக் காட்டத்தை நின்று நின்று இழுத்தேன்.

நாகேந்திரப்பா மாறவில்லை. அதே விசில்,
அதே பாதிக் கன்னடம் பாதித் தமிழ்.
"காய்ச்சல் விட்டு எத்தனை மாசம்?"
"ஆறு."
"மாடி ஏறினா இரைக்குதா?"
"மூணாவது மாடியில."
"அப்ப இன்னிக்கு ரெண்டு லேப். ரெண்டே ரெண்டு. நிதானா, மேடம்."
சுவரோரத் தடத்தைக் காட்டினார்,
பிள்ளைகளுக்குக் கால் உதைக்கப் பழக்குமிடம்.

எனக்கொரு கணக்கு உண்டு, யாரிடமும் சொன்னதில்லை.
ஒரு லேப், ஒரு மெட்ரோ ஸ்டேஷன்.
பையப்பனஹள்ளியில் சுவரை உதைத்துக் கிளம்பினால்
எம்.ஜி. ரோடு வருவதற்குள் தோள் சூடாகும்.
கப்பன் பார்க்கில் தண்டவாளம் பூமிக்குள் இறங்கும்போது
ஆபீஸ் சத்தமெல்லாம் மேலேயே நின்றுவிடும்.
மைசூர் ரோட்டைத் தொட்டுத் திரும்பி வருவேன்
தினமும், டிக்கெட் இல்லாமல்.

இன்று உதைத்தேன்.
கை மறக்கவில்லை. கால் மறக்கவில்லை.
மூச்சுதான் மறந்திருந்தது,
அதுவும் இழுக்க அல்ல, விட.
லிஃப்டில் அடக்கி
மருந்துக்கடை வரிசையில் அடக்கி
அடுத்த அறையில் மகனுக்குக் கேட்காமல்
தலையணைக்குள் இருமி,
தண்ணீருக்குள்ளும் வாயை இறுக்கிக்கொண்டிருந்தேன்.
நெஞ்சு அடைத்தது. பாதியில் கயிற்றைப் பிடித்தேன்.
விசில் கேட்கவில்லை.
அவர் நாற்காலியைவிட்டு எழுந்து நின்றார், அவ்வளவுதான்.

"ஊதுங்க, மேடம். சூடான காபிய ஊதற மாதிரி.
தண்ணிக்குள்ள யார் இருக்கா?"

ஊதினேன்.
காதோரம் கடகடவென்று குமிழ்கள்.
யாருக்கும் ஆகாதென்று நான் பதுக்கிய சரக்கு
யாரையும் தொடாமல் மேலே போய் உடைந்தது.
இன்னும் ஊதினேன்.

சுவாமி விவேகானந்தா ரோடு.
சுவரைப் பிடித்தபடி மூன்று நிமிடம்.
கழுத்தில் நாடி தவளையாய்க் குதித்தது.
அது அடங்கிய பிறகு, மல்லாந்து பாதி, குப்புறப் பாதி,
கடைசியில் நாய்க்குட்டி மாதிரிக் கொஞ்சம்.
இந்திராநகர்.

இன்னொன்று போகலாமே என்றது தோள்.
நெஞ்சு எதுவும் சொல்லவில்லை.
மே மாதத்திலும் அது முதல் ஐந்து நாள்
எதுவும் சொல்லவில்லை.
ஏணியில் ஏறினேன்.

வெளியே வந்ததும் உடம்பு ஈரச் சாக்காய்க் கனத்தது.
முக்கால் மணி நேரத்தில் அரை மணி மிச்சம்.
துண்டைப் போர்த்திக்கொண்டு சிமென்ட் படியில் உட்கார்ந்து
அடுத்த தடத்தில் பச்சைத் தொப்பி ஒன்று
மெஜஸ்டிக் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வீடு அல்சூரில்.
அடுத்த ஸ்டேஷன்தான்.
நாளைக்கே வருகிறேன் என்றேன்.
வியாழக்கிழமை என்றார் நாகேந்திரப்பா.