பத்தாவது வாய்

(யூப்ரடீஸ் கரை; கோதுமையை விதைக்கப் பழகிய காலம்)

மான்கள் வடக்கே ஏறும் நாளில்
அவற்றின் பின்னால் என் தங்கை வந்தாள்.
போன முறை பார்த்த அதே தோல்பை,
அதே கத்திக்கல்.
முதுகில் மகன்.

நான் அரைத்துக்கொண்டிருந்தேன.
எப்போது வந்தாலும் இதையேதான் செய்கிறாய்
என்றாள் துமேய்.
எப்போது வந்தாலும் போகத்தான் வருகிறாய்
என்றேன்.
சிரித்தோம். அவள் பற்கள் ஒன்றும் சொத்தையில்லை.

என் காலைப் பார்த்தாள்.
கல்லின்முன் மண்டியிட்டு மண்டியிட்டுப்
பெருவிரல் மேலே மடங்கிவிட்டது.
நடக்கையில் அது மண்ணைத் தொடுவதேயில்லை.

எத்தனை பிள்ளை இப்போது?
ஏழு. இரண்டு தரைக்கடியில்.
தட்டிக் காட்டினேன், இங்கே, அடுப்பருகே,
குளிராதிருக்க.
அவளுக்கு இவன் ஒருவன்தான்.
ஒன்று ஓடக் கற்றபின்தான்
அடுத்ததைச் சுமப்பார்கள் அவர்கள்.
மற்றதெல்லாம் எந்த மணலில் கிடக்கிறதென்று
நான் கேட்கவில்லை.

இரவு அவள் கொண்டுவந்த தொடைக்கறியை
ஊரே தின்றது.
கொஞ்சம் எடுத்து வைப்போம் என்றேன்.
யாருக்குத் தெரியாமல்? என்று கேட்டாள்.
புரியாமல்தான் கேட்டாள்.
எனக்குத்தான் நெருப்பின் பக்கம்
முகம் திருப்பவேண்டியிருந்தது.

ஆறு வயதுப் பையன்
ஏன் இறங்கவேயில்லை என்று
அப்புறம்தான் உறைத்தது.

பனிக்காலத்தில் பாறையிலிருந்து விழுந்தானாம்.
எலும்பு கூடிவிட்டது, கோணலாய்.
மான் ஒரு காலுக்காக நிற்காது.
மானின் பின் போகிறவர்களும்.

விடியுமுன்னே
தானியக்குழியின் விளிம்பில் அவனை உட்காரவைத்தாள்.
தோல்பையை அவிழ்த்து
உள்ளதிலேயே நல்ல கல்லை அவன் கையில் கொடுத்தாள்.
உன் வீடு நகராது, அக்கா, என்றாள்.
எத்தனையோ முறை சொன்ன கேலி அது.
அன்று அவள் சிரிக்கவில்லை.
திரும்பிப் பார்க்கவும் இல்லை.
அது எங்கள் ஆட்களின் வழக்கம்,
எனக்கு மறந்துபோயிருந்தது.

என் புருஷன் ஓபர் குழிக்குள் கையை விட்டான்.
போன நிலவில் முழங்கையில் தட்டிய தானியம்
இப்போது தோளுக்கும் கீழே.
ஒன்பது வாய்க்கே அறுப்புவரை எட்டாது என்றான்.
பிறகு வேறெதுவும் சொல்லாமல்
தன் பாயைச் சுவரோரம் தள்ளிப்போட்டான்.
ஒரு சிறு உடம்புக்கு இடம் வந்தது.

அரூக் குழியருகே உட்கார்ந்து எலி அடிக்கிறான்.
குறி தப்புவதில்லை.
அடித்ததைச் சுட்டு
எல்லோருக்கும் கிழித்துக் கொடுக்கிறான்,
நகமளவு, நகமளவு.
என் பிள்ளைகள் வாங்கத் தயங்குகிறார்கள்.

நாளைக்கு எங்கே? என்கிறான் தினமும்.
இங்கே.
அதற்கடுத்த நாள்?

இங்கேயே என்பதற்கு
நானும் துமேயும் பிறந்த பேச்சில் சொல் கிடையாது.
மான்கள் திரும்பும்வரை, என்றேன்.
தலையாட்டினான்.
நான் ஒரு பிடி கூடுதலாக அள்ளிக்
கல்லில் போட்டேன்.