நாலாம் பக்கம்

காரைக்கால் பதிவு அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையின் பின்பக்கம் என் மேசை.
பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழாக்கிப்
பக்கத்துக்கு இருநூறு வாங்குகிறேன்.

நேற்று ஞானாதிக்கம் கொண்டுவந்தது
1893. பூச்சி அரித்த நாலு தாள்.
கிழக்கெல்லை கடல், தெற்கெல்லை அரசலாறு,
நடுவே பதினோரு மா
மரே.

"தரிசுன்னு போட்டுடுங்கம்மா."
தரிசில் இறால் குட்டை வெட்டுவது சுலபம்.

அவர் போனபின் அகராதியைத் திறந்தேன்.
மரே, பிரெஞ்சு வீட்டுப் பிள்ளையே இல்லை.
வடக்கிலிருந்து படையோடு வந்தவர்கள்
விட்டுப்போன சொல்.
லத்தீன் தாய் இட்ட பெயர் பாலூஸ்;
இத்தாலிக்காரி மட்டும் இன்னும்
பாலூதே என்று கூப்பிடுகிறாள்.
ஸ்பானியர்கள் கடலின் பேரையே நீட்டி
மரிஸ்மா ஆக்கிக்கொண்டார்கள்.
பந்தானோ எந்த ஊர் என்று
அகராதிக்கே தெரியவில்லை, ஒரு கேள்விக்குறியோடு
அடுத்த சொல்லுக்கு நழுவிவிடுகிறது.

ருமேனியாவில்தான் விசேஷம்.
அதே பாலூஸ், எழுத்து முன்பின்னாகி,
பெதூரே ஆகி,
இன்றைக்கு அதன் பொருள் காடு.
சேற்றைப் பார்த்தே நடந்த யாரோ
ஒருநாள் தலைநிமிர்ந்திருக்க வேண்டும்.

நமக்கும் உண்டு.
அளறு என்றால் சேறு, நரகமும் அதுதான்.
உளை என்றாலும் சேறு.
மன உளைச்சல் என்று மருத்துவர் எழுதும்போது
இந்த உளைக்கும் அதற்கும் உறவா
வெறும் ஒலியா, நானறியேன்.
பழனம் ஊர்ப்பேராகி, பேருந்துப் பலகையில்
தூசி படிந்து ஓடுகிறது.

சாயங்காலம் இடத்தைப் பார்க்கப் போனேன்.
தொடை ஆழத்தில் நின்று
கண்டல் வேருக்குள் கைவிட்டு
நண்டு துழாவிக்கொண்டிருந்தாள் ஒருத்தி.
"இதுக்கு என்னங்க பேரு?"
"எதுக்கு?"
"நிக்கிறீங்களே, இதுக்கு."
"மணி என்ன இப்ப?"
சொன்னேன்.
"அப்ப தண்ணி. எட்டு மணிக்கு வந்திருந்தா தரை."
கவ்விய நண்டை உதறிக் கூடையில் போட்டாள்.
"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, அங்க இறங்கும்."
சொல்லி முடிப்பதற்குள்
இடது செருப்பு போயிருந்தது.

இரவு எழுத உட்கார்ந்தேன்.
காடு என்று போட்டால் என்ன?
வனத்துறை வரும், குட்டை வராது,
ருமேனியா முழுக்க எனக்குச் சாட்சி.
பேனா அங்கேயே வெகுநேரம் நின்றது.
முத்திரையில் இருப்பது என் பெயர்.
சதுப்பு என்று எழுதினேன்.

ஞானாதிக்கம் இருமுறை படித்தார்.
மூன்று பக்கத்துக்குக் காசை எண்ணி வைத்துவிட்டு
நாலாவதைப் பற்றிப் பேசாமல்
படியிறங்கிப் போனார்.