பதினொரு நிமிடம்

ஏரி உறைந்து கிடந்த பிப்ரவரி.
டுலூத் நீதிமன்றத்தின் நான்காம் மாடியில்
வெந்நீர்க் குழாய் தட்டிக்கொண்டே இருந்தது,
சுவருக்குள் யாரோ அகப்பட்டுக்கொண்டதைப் போல.

என் சட்டையில் குத்தியிருந்த எண் ஏழு.
ஒன்பது நாளும் எனக்கு அதுதான் பெயர்.

வழக்கு இவ்வளவுதான்.
லோவெல் ஹோகனின் மனைவி
நிலவறைப் படியில் விழுந்தாளா, தள்ளப்பட்டாளா.
பக்கத்து வீட்டுக்குச் சத்தம் கேட்டது ஆறு நாற்பதுக்கு.
அவன் தொலைபேசியை எடுத்தது ஆறு ஐம்பத்தொன்றுக்கு.
இடையில் ஒரு காபிக் கோப்பை
கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது.

உங்கள் வாழ்க்கையை வெளியே விட்டுவிட்டு வாருங்கள்
என்றார் நீதிபதி,
பனிச்சப்பாத்தை வாசலில் கழற்றச் சொல்வதைப் போல.
பன்னிரண்டு தலைகளும் ஆடின.
காலுறையின் ஈரம் யாருக்குத் தெரியும்?

இரும்புத்தாதுக் கப்பலில்
முப்பது வருடம் சமைத்தவர் ஆர்வின் ட்வெய்ட்.
"பதினொரு நிமிடமா?
முட்டையை வேகவைத்து, ஆறவைத்து, ஓடும் உரித்துவிடலாம்."
கொலைக்கு அது தாராளம் அவருக்கு.

மார்லிஸ் யோகெலா கோப்பையை விடவில்லை.
"நாற்பது வருடத்தில் என் வீட்டுக்காரர்
ஒரு கரண்டி கழுவியதில்லை.
கேட்காமல் ஒரு ஆண் கோப்பை கழுவினால்
அதில் ஏதோ இருக்கிறது."
சிரித்தோம். பிறகு
அவள் மட்டும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தோம்.

கோல்பிக்கு இருபத்திரண்டு வயது.
ஆட்டத்தின் நடுவே, பனித்தளத்தில்,
சறுக்குக் கத்தி நண்பனின் கழுத்தில் பட்டபோது
மட்டையைப் பிடித்தபடி நின்றானாம்.
"எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.
கால் வரவில்லை."
பிறகு அவன் சாண்ட்விச்சிலிருந்து
ஊறுகாய் வெள்ளரியை ஒவ்வொன்றாக எடுத்து
காகிதத்தின் ஓரத்தில் அடுக்கினான்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
பதினொரு நிமிடம் என்றால்
ஆறு நிறுத்தம், பதினான்கு பிள்ளைகள்.
அதை மட்டும் சொன்னேன்.

சொல்லாதது:
சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் எங்கள் கார் கொட்டகை.
திறந்த கதவுக்குள் ரெய்னோ குப்புறக் கிடந்தான்.
ஒரு கையில் பனி வாரும் மண்வெட்டி.
அடுப்பில் உருளைக்கிழங்கு. அணைத்தேன்.
கையைத் துடைத்தேன், விரல் விரலாக,
மோதிரத்துக்கு அடியிலும்.
அவன் முதுகில் பனி விழுந்து
உருகுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.
உருகாமல் தங்கத் தொடங்கிய பிறகு
தொலைபேசியை எடுத்தேன்.

மாரடைப்பு என்று எழுதினார்கள். உண்மையும் அதுதான்.
மணி என்ன என்று என்னை யாரும் கேட்கவில்லை.
எங்கள் பக்கத்து வீடு காலி.

முதல் நாள் சீட்டுகளில் ஏழுக்கு ஐந்து.
மூன்றாம் நாள் பதினொன்றுக்கு ஒன்று.
அந்த ஒன்று வெற்றுத்தாள்.
தலைவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.
யாருடையது என்று கேட்க அவருக்கு உரிமை இல்லை.
கோல்பியைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.
அவன் காது சிவந்தது.
நான் அவனைச் சிவக்க விட்டேன்.

விட்டுவிடலாம் அவனை என்று நினைத்தேன்,
அப்படியென்றால் என்னையும் விட்டதாகும் என்று.
பிறகு அதே காரணத்துக்காகவே
விட முடியாது என்று பட்டது.
இரண்டு பக்கமும் ஒரே எடைக்கல்லைப் போட்டுவிட்டு
தராசைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் பேனாவை எடுத்தேன்.
'குற்றவாளி' என்ற சொல்லை எழுதும்போது
யார் முகத்தை நினைத்தேன் என்று
சத்தியம் செய்யச் சொன்னால்
செய்ய மாட்டேன்.

தீர்ப்பை வாசித்தார்கள்.
லோவெல் தலை நிமிரவில்லை, தன் உள்ளங்கையைப் பார்த்தான்.
அவன் வக்கீல் எழுந்து,
ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்கச் சொன்னார்.
ஒன்று, ஆம். இரண்டு, ஆம்.
ட்வெய்ட் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆம்.

ஏழாம் ஜூரி, இது உங்கள் தீர்ப்பா?

குழாய் தட்டியது.
ஜன்னலுக்கு வெளியே
பனி எதன் மீதோ தங்கிக்கொண்டிருந்தது.

ஆம் என்றேன்.

அதைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று
எந்தப் பதிவிலும் இருக்காது.
சுருக்கெழுத்துக்காரியின் பொறியில்
மௌனத்துக்கு விசை இல்லை.