அரை நாள் சுற்று

நிரலில் மூன்றே சொற்கள்:
கிராமம், கோயில், இயற்கை.
ஒரு மணிக்குள் முடித்து
மோல்மேன் ஓட்டலில் இறக்கிவிட வேண்டும்.

பூசானிலிருந்து ஏழு பேர்,
ஏழு பேருக்கும் ஒரே மஞ்சள் தொப்பி.
என் சட்டையில் குத்திய அட்டையில்
மா கின் லே.
'பர்மியப் பெண் வழிகாட்டி' என்று
கம்பெனி விளம்பரம்.

கொரிய மொழியை நான்
ராத்திரித் தொடர்களில் கற்றேன்.
அரண்மனைகள், விஷக் கிண்ணங்கள்,
மழையில் மண்டியிடும் மந்திரிகள்.
அதனால் 'வண்டியில் ஏறுங்கள்' என்பது
'தேவரீர் பல்லக்கில் எழுந்தருள்க' என்றே
வருகிறது வாயில்.
முன்வரிசை ஒக்சுன் அம்மாள்
குலுங்கிக் குலுங்கிச் சிரித்து
ஒரு பெப்பர்மின்ட் தந்தார்.
மகாராணியின் கொடை.

இடது பக்கம் பாருங்கள், ரப்பர்.
வலது பக்கம் பாருங்கள்,
அதுவும் ரப்பர்தான்.
இயற்கை முடிந்தது.

சௌத்தலோனில்
சாலைக்கு இந்தப் பக்கப் பாறையில் பயா,
அந்தப் பக்கப் பாறையில் நம் சாமி.
நடுவில் குரங்குகளுக்கு
இரண்டு பக்கமும் பிரசாதம்.
இங்கேதான் வழக்கமாக
அந்தச் சரக்கை எடுத்துவிடுவேன்:
'இந்நாட்டில் ஓர் இனத்தார் உண்டு,
அவர்களும் உங்களைப் போலவே
அப்பாவை அப்பா என்பார்கள்.'
எல்லோரும் ஆ என்பார்கள்.
டிப்ஸ் கொஞ்சம் கூடும்.
அவர்களும் என்றேன்.
நாங்களும் என்று
ஒரு நாளும் சொன்னதில்லை.

திரும்பும் வழியில்
பின்சக்கரம் படுத்துவிட்டது,
நிரலில் இல்லாத ஊரில்.
என் ஊரில்.
என் வீட்டுக்கு நேர் எதிரே.
கொடியில் அம்மாவின் நைட்டி,
வெளுத்த சூரியகாந்திகளோடு.
ஏழு தொப்பிகளும் இறங்கின,
ஏழு கைபேசிகளும் எழுந்தன.

'இது ஒரு கிராமம்' என்றேன்.
'இங்குள்ளவர்கள் ஆடு வளர்ப்பார்கள்.
கன்னத்தில் தனக்கா பூசி
நெற்றியில் திருநீறும் இடுவார்கள்.
காலையில் மொகிங்கா குடிப்பார்கள்,
அதற்கும் ஊறுகாய் கேட்பார்கள்.'
ஜாக்கியின் அடியிலிருந்து
டிரைவர் கோ யே லுவின்
ஒரு மாதிரி இருமினான்.

'வாசலில் நிற்கும் பெண்மணி
ஏன் உன்னையே முறைக்கிறார்?'
'இங்குள்ளவர்கள்
அப்படித்தான் வரவேற்பார்கள்.'

அப்போது டயர் உருட்டி வந்தான்
பக்கத்து வீட்டுச் சடையப்பன்.
'அஞ்சுகக்கா! அஞ்சுகக்கா!
ஒங்கம்மா கேக்குது,
எல்லாருக்கும் டீ போடவான்னு!'

என் வீட்டில் தம்ளர் ஆறு.
ஏழாவதாக ஜாம் பாட்டில்.
அது பாக் என்பவருக்குப் போயிற்று.
வண்டியில் வாயே திறக்காத மனிதர்.
குடித்துக் கழுவி வைத்துவிட்டு
சாலையோரச் சரளையில் ஐந்து கல் பொறுக்கி
எங்கள் வேலியோரம்
ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.
எதற்கு என்று கேட்கவில்லை.
ஆடு வந்து மோந்து பார்த்துவிட்டுப்
போய்விட்டது.

ஒக்சுன் அம்மாளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.
அட்டையைத் தொட்டார்,
அம்மாவைப் பார்த்தார்,
இரண்டு மூக்கையும் ஒப்பிட்டார்.
'அன்சுகம்' என்றார்.
'பொருள் என்ன?'

கிளி.
சொன்னதைச் சொல்லும் கிளி.
கொரிய மொழியில் அதற்கு என்ன?
நான் பார்த்த இருநூற்றுச் சொச்சம்
எபிசோடுகளில்
ஒரு கிளிகூடப் பறக்கவில்லை.
இரு கைகளையும் அடித்துக் காட்டினேன்.
'கோழியா?' என்றார்.
அம்மா சிரித்தாள்.
எந்த மொழியும் தெரியாமலே
எப்படிச் சிரித்தாளோ.

ஒரு மணி நாற்பதுக்கு ஓட்டல்.
மானேஜரிடம் பாட்டு வாங்கினேன்.

அன்று இரவுத் தொடரில்
கோபித்திருந்த அரசிக்குப்
பட்டுத்துணி மூடிய கூண்டொன்றை
அனுப்பியிருந்தான் அரசன்.
சத்தத்தைக் கூட்டி
முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன்.
அரசி துணியை விலக்கினாள்,
பச்சையாய் ஏதோ அசைந்தது,
வாய் திறந்தாள் பெயர் சொல்ல.

கரண்ட் போய்விட்டது.