நிறைந்ததும்

குத்தைசி பேருந்து நிலையம், நான்காம் எண் ஜன்னல்.
கண்ணாடியில் கையளவு ஓட்டை.
பதினொரு வருஷமாக அதன் வழியே
ஒரே கேள்வி உள்ளே வருகிறது:
ஓனிக்கு வண்டி எத்தனை மணிக்கு?

என் பெயர் மக்வாலா.
அதை யாரும் கேட்டதில்லை.

செவ்வாயும் வியாழனும் ஆறரைக்கு
நூலகத்தின் கீழ்த்தளத்தில் வகுப்பு.
ஹீட்டர் ஒன்று, நாற்காலி பதினாறு.
சொல்லித்தரும் ஓத்தியாவுக்கு இருபத்து நாலு வயது,
எனக்கு நாற்பத்தாறு.
திறந்ததை மூடுங்கள் என்பான்.
முதல் நாளிலிருந்து அதுதான்.
திறக்கும் டேக், மூடும் டேக்,
நடுவில் என்ன வேண்டுமானாலும் வையுங்கள்.

த்ஸ்கால்தூபோ என்ற ஒரு சொல்லை மட்டும்
தடிமனாக்கப் போனேன். மூட மறந்தேன்.
அதற்குக் கீழே எல்லாமே தடித்துவிட்டது,
ஊர்கள், கட்டணங்கள், கடைசி வரியில் என் பெயர்,
எல்லாம் அதட்டும் குரலில்.
ஒரு சாய்கோட்டுக்கா இவ்வளவு கோபம்?
பக்கத்து நாற்காலி நுக்ஸார் எட்டிப் பார்த்தான்:
"எங்கள் வீட்டு விருந்தில் வாழ்த்துச் சொல்வதுபோல,
எழுந்தவர் உட்காரவே இல்லை."

அப்புறம் நிறம்.
வெள்ளை என்றால் ஆறும் எஃப்.
ஆனால் ஜும்பெரின் வண்டி அந்த வெள்ளை இல்லை.
மலைச்சேறு, டீசல், பின்கதவில்
யாரோ விரலால் எழுதி அழித்த ஒரு பெயர்.
சமையல்மேசையில் மூன்று இரவு
எழுத்தை மாற்றி, எண்ணை மாற்றி,
ஒன்று பால், ஒன்று சாம்பல், ஒன்று ஆஸ்பத்திரிச் சுவர்.
நாலாம் இரவு கிடைத்தது.
கிடைத்ததும் வண்டியின் வாசனை வந்தது, நிஜமாகவே.

கைப்பேசியில் திறந்து பார்த்தால்
அட்டவணையில் பாதி வெளியே தொங்கிற்று,
கதவு சாத்தாமல் எடுத்த வண்டிபோல.
அதையும் சரிசெய்தேன். எப்படி என்று கேட்காதீர்கள்,
எனக்கே தெரியாது.

ஊர், கட்டணம், நேரம். மூன்று பத்தி, பதினேழு ஊர்.
ஓனிக்கு வந்ததும் விரல் நின்றது.
ஜும்பெர் எப்போது கிளம்புவான்?
பதினெட்டு இருக்கையும் நிறைந்ததும்.
சில நாள் எட்டேகால். மழை நாளில் பதினொன்று.
ஒரு ஆகஸ்டில் பதினேழு பேர் ஏறி
ஒரு மணி நேரம் வியர்த்துக் காத்திருந்து
கடைசியில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு
பதினெட்டாவது டிக்கெட்டையும் வாங்கினார்கள்.
அந்த இருக்கையில் அமர்ந்து
ஒரு தர்பூசணி ஓனி வரை போயிற்று.

"கட்டம் காலியாக இருக்கக் கூடாது, கல்பதோனோ மக்வாலா,
ஏதாவது எண் போடுங்கள்."
ஒன்பது போட்டேன், இரண்டு சுழியம் சேர்த்து.
மற்ற எண்களோடு வரிசையில் நின்றது.
அழகாக இருந்தது.
பொய்யாக இருந்தது.
அழித்துவிட்டு எழுதினேன்: நிறைந்ததும்.
நீளமான சொல். பத்தி கோணியது.
அகலம் கூட்டினேன்;
மற்ற பதினாறு ஊர்களும்
கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டன.

திங்கட்கிழமை காலை.
முதுகுப்பையோடு ஒரு பெண்
ஓட்டைக்கு நேராகக் கைப்பேசியைக் காட்டினாள்.
என் பக்கம். என் அழுக்கு வெள்ளை.
"நிறைந்ததும் என்று போட்டிருக்கிறதே," என்றாள்,
"அது எத்தனை மணிக்கு?"

கழுத்தைத் திருப்பி வெளியே எண்ணினேன்.
இன்னும் நாலு பேர்.
அவள் ஏறினாள். மூன்று.

இந்த எண்ணைப் பக்கத்தில் வைக்க முடியுமா,
ஆள் ஏற ஏறத் தானாகக் குறைகிற மாதிரி?
வியாழக்கிழமை கேட்டேன்.
அதற்கு வேறொரு மொழி கற்க வேண்டுமாம்,
அடுத்த பருவத்தில்.
போதிய ஆள் சேர்ந்ததும்
வகுப்பு தொடங்கும் என்றான் ஓத்தியா.

இதுவரை ஐந்து பேர்.
ஆறாவதாக என் பெயரை எழுதினேன்.