நாலு பார்

ஆடி பிறந்துவிட்டால்
கல்யாண மண்டபத்துக்கு வேலையில்லை.
நாற்காலிகளைச் சுவரோடு அடுக்கிவிட்டு
மணிக்கு முந்நூறு என்கிறார் மேனேஜர்.
பந்தி நடக்கிற கீழ்த்தளம்,
ரசம் கொட்டினால் நிற்காமல் ஓடும் கிரானைட்.

காரைக்குடியில் ஐஸ் ஹாக்கி என்றதும்
எல்லோரும் கேட்பதைத்தான் நானும் கேட்டேன்:
ஐஸ் எங்கே?
"அது உங்க கம்பெனியிலல்ல இருக்கு"
என்றார் சேவுகன்.
லடாக்கில் பதினொரு குளிர்காலம், ஹவில்தார்,
முப்பத்தொன்பதில் ஓய்வு.
உறைந்த ஏரியில் ஆடியதை
இங்கே சக்கரம் மாட்டி ஆடுகிறார்.
பாலிடெக்னிக் பையன்கள் ஏழு பேர்,
நர்சிங் படிக்கும் ஆஸ்மி,
கோலில் டைல்ஸ் கடை ஜெரால்டு.
அப்புறம் நான்.

ஐம்பத்து மூன்று வயது.
இருபத்தேழு வருஷமாக ஐஸ் கம்பெனியில் கணக்கு.
மீன்கடைக்கு எத்தனை பார்,
ரோஸ்மில்க்குக்கு எத்தனை,
நடுராத்திரி போன் வந்தால்
பெயர் கேட்காமல் அனுப்புவது எத்தனை.
இந்த மண்டபத்துக்கே எவ்வளவு கொடுத்திருப்பேன்!
ஆனால் தெரிந்தது கொல்லை வாசல் மட்டும்,
உமி ஒட்டிய சாக்கு, சொட்டும் வண்டி,
பாக்கி பில்.
முன்வாசல் வழியாக நான் நுழைந்தது
காலில் எட்டுச் சக்கரத்தோடுதான்.

முதல் மாதம் விழ மட்டும் சொல்லிக்கொடுத்தார்.
"விழப்போறீங்கன்னு தெரிஞ்சா
முந்திக்கிட்டு நீங்களே உக்காந்துருங்க."
உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன்.
"பனியில விழுந்தா வழுக்கிட்டுப் போயிரலாம் மேடம்,
கல்லு பிடிச்சுக்கும்."
பிடித்துக்கொண்டது.
முழங்கையில் தைல வாசனையோடு
பேங்க் வரிசையில் நின்றேன்.
படியில் தவறிட்டேன் என்றேன் மூன்று பேரிடம்.
நாலாவது ஆளிடம் உண்மையைச் சொன்னேன்,
அவர்தான் நம்பவில்லை.

பக் என்பார்கள் அதை.
நான் சில்லு என்றேன், பாண்டி ஆடிய ஞாபகத்தில்.
இப்போது எல்லோருக்கும் அது சில்லுதான்.
என்னை மேடம் என்று ஆரம்பித்தவர்கள்
ரெண்டு மூன்று தடவை தூக்கிவிட்டபின் ஆச்சி என்றார்கள்.
ஆவணிக்கு ஒரு வாரம் இருக்கையில்
எவனோ வேகத்தில் கத்தினான்,
"உமை, இந்தப் பக்கம்!"
உமையாள் என்ற பெயரை இத்தனை சின்னதாய்
யாரும் மடித்ததில்லை.
சில்லைத் தள்ளிவிட்டுத்தான் கவனித்தேன்
நான் விழவில்லை என்று.

அன்றைக்குத்தான் ஆஸ்மியின் காலில் மட்டையைக் கொடுத்தேன்.
வேண்டுமென்றே. கொஞ்சம்.
சேவுகன் விசில் ஊதினார்: ரெண்டு நிமிஷம் வெளியே.
வெளியே என்றால்
ஓரத்தில் ஒதுக்கிவைத்திருக்கும்
மாப்பிள்ளை பெண்ணுக்கான சிவப்பு வெல்வெட் சோபா.
நான் உட்கார வேண்டியிராத இடம் அது.
யார் வீட்டு வைபவத்திலும்
அதன் எதிரில்கூட அதிகநேரம் நின்றதில்லை.
கைப்பிடி இடுக்கில் காய்ந்த ரோஜா இதழ்,
ஒரு ஜிகினாத் துண்டு.
ஹெல்மெட்டுக்குள் வேர்வை கண்ணில் இறங்கியது.
ஏதாவது தோன்றும் என்று பார்த்தேன்.
தோன்றியதெல்லாம்
இன்னும் எழுபது செகண்ட் இருக்கிறதே,
ஜெரால்டு இடதுபக்கத்தைத் திறந்துபோட்டு நிற்கிறானே.

கடைசி ஞாயிற்றுக்கிழமை கம்பெனி விடுமுறை.
சாவி என்னிடம்.
சேவுகன் ஆணியில் தொங்கவிட்டிருந்த
நிஜ ஸ்கேட்ஸைத் துணியில் சுற்றி எடுத்துவந்தார்,
கத்தியில் லேசாகத் துரு.
நாலு பாரை முற்றத்தில் தலைமாட்டுக்குத் தலைமாடு
இறக்கிப்போட்டோம்.
பையன்கள் இடைவெளியில் தண்ணீர் ஊற்றினார்கள்,
ஒட்டவில்லை.
சாக்கைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றேன்.

சக்கரத்தில் இல்லாத ஒன்று இருந்தது,
கத்தி தனக்கு வேண்டிய கோட்டைத்
தானே கீறிக்கொள்ளும் சத்தம்.
ஒரு பாரிலிருந்து அடுத்த பார்.
மூன்றாவதில் தடுக்கி
முந்திக்கொண்டு உட்கார்ந்தேன்,
முழங்கால்வரை ஈரம், ஆகஸ்டு வெயில்,
நாய் ஒன்று வந்து ஓரத்தை நக்கியது.
"பனியா அது, ஐஸ்தானே" என்றார் சேவுகன்
சமாதானம் சொல்வதுபோல.

திங்கட்கிழமை பேரேட்டைத் திறந்தேன்.
சேதாரம் என்று எழுதப்போய் அடித்துவிட்டு
பற்று: நாலு பார்.
பெயர்: உமையாள்.
பணம் பிறகு.